சிவப்புப் பூவும் எட்டு சீட்டும்

அப்பா வண்டி வாங்கப்போகிறார் என்ற செய்தி, திருவொற்றியூரில் எங்கள் தெரு முழுக்கப் பரவிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. எனக்குப் பத்து வயது, ஒற்றைப் பெண். என்னிடம் வந்து சொல்ல யாருக்குத் தோன்றும்?

முந்தின கோடை வரை அந்த வீட்டில் ஏழு பேர் இருந்தோம். மாடியில் நாங்கள் மூவர். கீழே சித்தப்பா, சித்தி, என் வயதில் ஒரு மகள், அவளுக்குத் தம்பியாக ஒரு பொடியன். அப்பாவும் சித்தப்பாவும் தெற்கேயிருந்து பிழைக்க வந்து, ராயபுரத்தில் வலைக்கயிறும் நைலான் நூலும் விற்கும் மொத்தக் கடை போட்டவர்கள். தண்ணீர் லாரி வந்த ஒரு மத்தியானம், கடைசிக் குடம் யாருடையது என்று அம்மாவுக்கும் சித்திக்கும் பேச்சு முற்றியது. ஒரு குடம் தண்ணீர்தான். பொழுது சாய்வதற்குள் அது பத்து வருஷத்துப் பழைய கதைகளையெல்லாம் இழுத்து வந்து நடுவீட்டில் போட்டுவிட்டது. ஆடி மாதம் என்றுகூடப் பார்க்காமல் சித்தப்பா மீஞ்சூருக்குக் குடி போனார். அங்கேயே தனிக் கடையும் வைத்துக்கொண்டார்.

கீழ்வீட்டில் கயிற்றுச் சுருள்களை அடுக்கினார்கள். நான் மாடியில் உட்கார்ந்து லூடோ ஆடினேன். நான்கு நிறத்துக்கும் நானே தாயம் உருட்டினேன். ஏமாற்றலாம் என்றால் ஏமாறுவதற்கு ஆள் இல்லை. அப்படி ஒரு சலிப்பை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வியாசர்பாடிக்காரர் ஒருவர், பழைய வண்டி கைமாற்றிவிடும் புரோக்கர், இரண்டு வண்டிகளை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்று வெள்ளைக் கார். நான்கு பேர் தாராளமாக உட்காரலாம், ஐந்தாவது ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். மற்றது நீல நிற வேன். பின்னால் மூன்று மூன்று பேராக எதிரும் புதிருமாக உட்கார்ந்து, முழங்கால் இடிக்கப் பேசிக்கொண்டு போகலாம். இரண்டிலும் பெட்ரோலுக்குத் துணையாக கேஸ் டாங்க் பொருத்தியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச். மேலே தள்ளினால் பெட்ரோல், கீழே தள்ளினால் கேஸ்.

"ரெண்டுமே ரெண்டு வூட்லயும் சோறு துன்ற வண்டி சார். ஒரு வூட்ல அடுப்பு அணைஞ்சா இன்னொரு வூடு கீது. இன்னா யோசிச்சிகினு கீற, எதுனா ஒண்ணு சொல்லு" என்றார் புரோக்கர். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா வேன் என்றார். அம்மா கார் என்றாள்.

"மூணு பேருக்கு எதுக்குங்க எட்டு சீட்டு? போற வாறவனையா ஏத்திட்டுப் போவப் போறிய?"

கடைச் சரக்கு ஏற்றலாம் என்றார் அப்பா. அதற்குத்தான் மூன்று சக்கர மீன்பாடி வண்டி இருக்கிறதே என்றாள் அம்மா. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு வேன்தான் வேண்டும். பார்த்த மாத்திரத்தில் நான் அதில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டேன். முன்னால் அப்பாவும் சித்தப்பாவும். நடுவில் அம்மா, சித்தி, இருவருக்கும் இடையில் பொடியன். எதிரே நானும் சித்தப்பா மகளும். எட்டாவது சீட்டு பலகாரக் கூடைக்கு. வேன் வந்துவிட்டால் அவர்களும் வந்துவிடுவார்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அத்தனை இடத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும்?

பேச்சு ஒரு முடிவுக்கும் வராததால், பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்று அம்மாதான் சொன்னாள். எங்கள் வீட்டில் பெண் பார்ப்பது முதல் கடைக்கு வெள்ளையடிப்பது வரை தகராறு வந்தால் அதுதான் வழி. காருக்கு மல்லிகை, வேனுக்குச் செம்பருத்தி. தனித்தனிக் காகிதத்தில் மடித்து, அம்மன் காலடியில் வைத்து, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அது அம்மன் வாக்கு. அப்பீல் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். அம்மா அர்ச்சனைத் தட்டு வாங்கப் போன நேரத்தில், அப்பா தூண் பக்கமாகத் திரும்பி நின்று இரண்டு பொட்டலங்களையும் மடித்தார். குருக்கள் அவற்றை உள்ளே வைத்துப் பூஜை செய்து, தட்டில் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார்.

நான் ஒரு வேலை செய்தேன். கைக்கு வந்த முதல் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். மல்லிகை என்றால் காட்டிக்கொடுத்துவிடும், செம்பருத்திக்கு வாசம் கிடையாது. காகித வாசம் மட்டும்தான் வந்தது. அதையே கொடுத்தேன். குருக்கள் பிரித்தார். சிவப்பு.

"அம்மனே சொல்லிட்டா. இனி நான் என்னத்தச் சொல்ல" என்றாள் அம்மா. அப்பா மற்ற பொட்டலத்தைத் தட்டிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாமியையே ஏமாற்றிவிட்டோம் என்ற பயத்தில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேன் வந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மீஞ்சூர் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்றார் அப்பா. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன் சீட்டில் ஏறினாள். பின்னால் ஆறு சீட்டுக்கும் நான் ஒருத்தி. கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, எண்ணூர் தாண்டிப் போகும் வழியெல்லாம், எதிர் சீட்டில் வண்டிப்புழுதி படியாமல் என் பாவாடையால் துடைத்துக்கொண்டே போனேன். திரும்பி வரும்போது அதில் ஆள் உட்காருமே.

சித்தப்பா வீட்டு வாசலில் அந்த வெள்ளைக் கார் நின்றது. எங்கள் வாசலில் நின்ற அதே கார். சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம்கூட இன்னும் காயவில்லை.

சித்தப்பா வெளியே வந்தார். அதே புரோக்கர்தான் கொண்டுவந்தாராம். அண்ணன் பார்த்து வேண்டாம் என்ற வண்டி என்று தெரியும், ஆனாலும் பிடித்திருந்ததாம். காப்பி வந்தது. அம்மாவும் சித்தியும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். சித்தப்பா மகள் ஜன்னலுக்குள் நின்று என்னைப் பார்த்தாள். நான் வேனைக் காட்டினேன். அவள் அவளுடைய அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பா கூப்பிட்டார்:

"ஏல, எல்லாரும் ஏறுங்க. பழவேற்காடு வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

சித்தப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இல்லண்ணே. எங்க நாலு பேருக்குத்தான் இது இருக்குல்லா."

அப்பா வேன் சாவியை எடுத்துக்கொண்டார். நாங்கள் கிளம்பினோம். எல்லாம் நான் முகர்ந்து பார்த்த பாவம் என்று நினைத்துக்கொண்டேன். பாலம் ஏறும்போது கேஸ் தீர்ந்து வண்டி குலுங்கியது. அப்பா சுவிட்சைப் பெட்ரோலுக்குத் தள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும் இருவரும் மாடி ஏறிவிட்டார்கள். எனக்கு இறங்க மனமில்லை. முன் சீட்டுக்குத் தாவி உட்கார்ந்து, டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். அம்மன் பிரசாதம் என்று அப்பா அங்கே வைத்திருந்த இரண்டாவது பொட்டலம் கிடந்தது. பிரித்தேன். வாடிச் சுருங்கிய செம்பருத்தி. காகிதமெல்லாம் சிவப்புச் சாயம்.

எனக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, நிம்மதி. நான் எதை எடுத்திருந்தாலும் சிவப்புதான் வந்திருக்கும். அப்படியானால் என் மேல் குற்றமில்லை. அவசரத்தில் அப்பா பூவை மாற்றி மடித்துவிட்டார், பாவம், அவருக்கு எப்போதுமே கவனம் போதாது. அப்படித்தான் நினைத்தேன். அம்மாவிடம் சொன்னால் அப்பாவைத் திட்டுவாளே என்று, இருந்தபடியே மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அந்த வேன் எங்களிடம் ஆறு வருஷம் இருந்தது. அதில் ஒரு நாளும் சரக்கு ஏற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எட்டு சீட்டையும் தண்ணீர் தொட்டுத் துடைப்பார். யாரும் உட்காராத சீட்டை எதற்காக இந்த மனிதர் இப்படித் துடைக்கிறார் என்று நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். லூடோவை விட்டுவிட்டு இறங்கிப் போய், நானும் ஒரு துணியை எடுத்திருக்கலாம்.