விமான வரைபடத்துக்கு அளந்த பனை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்போது மறதியும் கூடிவிட்டது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வவுனியாப் பக்கம், விமானம் இறங்கும் ஓடுபாதைக்கு நேரே கொஞ்சம் தள்ளி எங்கள் காணி. போன மாசியில் ஒருவர் அளவுக் கருவியும் எழுதுகிற கொப்பியுமாக வந்தார். கொப்பியோடு ஆள் வந்தால் அது நட்டஈட்டுக் கணக்கு என்றுதான் எங்கள் ஊரில் நினைப்போம். சண்டை முடிந்து திரும்பி வந்து குடியேறிய நாளிலிருந்து அப்படித்தான். வீடோ கிணறோ மரமோ, கொஞ்சம் கூட்டித்தான் சொல்வது.

என் வீட்டுக்காரர் வேலியடிக்கு ஓடினார். “இந்தப் பனையை முதல் எழுதுங்கோ ஐயா. இந்த வட்டாரத்திலயே உயரம் இதுதான்.”

“அதைத்தான் தேடி வந்தனான்” என்றார் வந்தவர்.

உட்காரப் போட்ட கதிரையில் ஒரு படத்தை விரித்தார். விமானிகள் பார்த்து ஓட்டுகிற படமாம். குளம் நீலம். தொலைபேசிக் கோபுரம் நிற்கிற இடத்தில் கூர்க் குறியும் உயரமும்.

“எங்கட ஊர் எங்கை?” என்று அடுப்பை விட்டு வந்து குசினி வாசலில் நின்று கேட்டேன்.

“சின்ன ஊர் போடுறேல்லை அம்மா. விமானம் எதிலை இடிபடும் எண்டதுதான் முக்கியம். ஓடுபாதைக்கு நேரே அளவுக்கு மேல நிண்டால் வெட்டச் சொல்லுவினம்.”

என் வீட்டுக்காரரின் முகம் செத்துவிட்டது. “நான் சும்மா சொன்னனான் ஐயா. அவ்வளவு உயரமில்லை. நுனியை மட்டும் வெட்டினால் போதாதோ?”

“நுனி போனால் பனை விறகுதான்” என்றேன் மெதுவாக. “உங்கட வாயை வெட்டியிருக்கலாம்.”

முகாமிலிருந்து வந்தபோது இங்கே வேலியில்லை, வீடில்லை, எல்லாம் பற்றைக்காடு. இந்தப் பனையை வைத்துத்தான் காணியைக் கண்டுபிடித்தோம். பக்கத்துக் காணிக்காரர் வெளிநாட்டில். எல்லைக்கு இன்றும் அதுதான் சாட்சி. இன்னொரு தரம் எல்லை தேடித் திரிய எனக்குக் காலுமில்லை, மனமுமில்லை.

வந்தவர் அளந்தார், எழுதினார். அறிவிப்பினம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இவர் சாப்பாட்டை விட்டு எழும்பி வாசலைப் பார்க்கிறார். எனக்கு எழும்பவும் அலுப்பு.

போகும்போது அவர் சில இடங்களில் வெட்டாமல் உச்சியில் சிவப்பு விளக்குப் பூட்டுவார்கள் என்று சொன்ன மாதிரி ஞாபகம். இவர் அப்படி எதுவும் காதில் விழவேயில்லை என்கிறார். அது கோபுரங்களுக்கு மட்டுமோ, மரத்துக்கும் உண்டோ தெரியாது. விமானப் படங்கள் தெரிந்தவர் யாராவது இதை வாசித்தால், சரிபார்த்துச் சொல்லுங்கள். வெட்ட ஆள் வருவதற்கு முதல் தெரிந்தால் நல்லது.