சுண்ணாம்பு அடித்த கருங்கிடாய்

இன்று நரிக்குடி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "டீச்சர், என்னையத் தெரியலையா? பரளச்சியில மூணாப்பு உங்ககிட்டத்தான் படிச்சேன்" என்றாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்த வகுப்பில் ஒரு படக்கதைப் புத்தகம் வாசித்தேன். மற்ற ஆடுகளின் கேலி தாங்காமல் கறுப்புக் கிடாய் ஒன்று சுண்ணாம்பில் புரண்டு வெள்ளையாகிவிடும். மழையில் சுண்ணாம்பு கரைந்ததும், "நீ நீயாவே இரு" என்று எல்லா ஆடுகளும் அதைக் கொஞ்சும்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப எங்க வீட்டுல கருப்பசாமிக்கு நேந்துவிட்ட கருங்கெடா நின்னுச்சு டீச்சர். கதை கேட்ட அன்னைக்கே அதுக்குச் சுண்ணாம்பு அடிச்சுட்டேன்."

"அடிப்பாவி! வீட்டுல கண்டுபிடிக்கலையா?"

"கண்டுபிடிச்சு என்ன செய்ய? ஒரு வெள்ளப் பொட்டு இருந்தாக்கூட சாமிக்கு ஆகாதுல்ல. கழுவலாம்னா குடிக்கவே தண்ணியில்ல. மழை பேஞ்சா கரைஞ்சுரும்னு காத்துக் கெடந்தாக."

"பேஞ்சுச்சா?"

"நம்மூர்லயா டீச்சர்?"

கடைசியில் கிடாவெட்டு நாளே தவறிப்போனதாம். சாமிக்கே அது வேண்டாம்போல என்று அப்புறம் யாரும் அதன்மேல் கத்தி வைக்கவில்லையாம். இவள் கிடாய் பல் கொட்டிக் கிழடாகித்தான் செத்திருக்கிறது.

நீ நீயாகவே இரு என்றுதான் நான் சொல்லிக்கொடுத்தேன். அதன்படி நடக்காததால் ஓர் உயிர் பிழைத்திருக்கிறது. இனி அந்தப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு வாசிக்கவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.