சொந்தக் காரணம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சதவீதம். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சதவீதம். ஒருமுறை மின்விசிறி அடிக்கடி நின்றுபோகிறது என்று யாரோ அலுத்துக்கொண்டபோது, "இந்த மாசம் நாப்பது சதவீதம் நாள்தான் ஓடியிருக்கு" என்று அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

வயது நாற்பத்தாறு. இரண்டே வருஷத்தில் முறிந்துபோன ஒரு கல்யாணத்துக்குப் பிறகு, அண்ணன் வீட்டில் ஓரமாக இருக்கப் பிடிக்காமல், இந்த வேலை கிடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவள். சின்ன ஊரில் சின்னக் கல்லூரி. வருஷத்துக்கு முந்நூறு பிள்ளைகள் சேர்ந்தால் பெரிய விஷயம். சேர்க்கைப் பிரிவில் பதினேழு வருஷமாக அவள்தான் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுகிறாள். பேர், மார்க், எந்தப் பள்ளி, எந்தப் பேருந்து, அப்பா என்ன வேலை என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி.

ஒரு நாள் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர், அந்த வருஷம் மட்டும் பத்து வயது கூடியவர்போல இருந்தார்.

"ரெண்டு துறையை மூடிடலாம்னு மேலேருந்து சொல்றாங்க மேடம். சேர்றவங்களும் குறையறாங்க, சேர்ந்ததுல அஞ்சுல ஒண்ணு ரெண்டாம் வருஷத்துக்கு வர்றதில்ல. ஏன் போறாங்கன்னே நமக்குத் தெரியல. நீங்க கொஞ்சம் பாருங்களேன். உங்களுக்குத்தான் நம்பர்னா உயிராச்சே."

அவள் ஐந்து வருஷக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சேர்ந்தவர்கள் ஆயிரத்து நானூற்று எண்பது பேர். பாதியில் போனவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. மார்க் குறைந்தவர்கள்தான் போகிறார்களா என்று பார்த்தாள், அப்படித் தெரியவில்லை. தூரத்திலிருந்து வருகிறவர்களா? கொஞ்சம் ஆமாம், கொஞ்சம் இல்லை. வீட்டில் முதல் முறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்களா? அதுவும் அரைகுறையாகத்தான் பொருந்தியது. எந்தப் பக்கம் பிடித்தாலும் கையில் நிற்காமல் நழுவியது.

கடைசியில் அலமாரியிலிருந்து, போனவர்கள் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்த படிவங்களை எடுத்தாள். அதில் 'விலகக் காரணம்' என்று கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கட்டம். முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று எட்டுப் பேர் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். சொந்தக் காரணம்.

அத்தனையையும் வாங்கிக் கோப்பில் போட்டவள் அவள்தான். ஒரு பிள்ளையிடமாவது அது என்ன காரணம் என்று கேட்டதில்லை. நினைக்கவே கூச்சமாக இருந்தது.

அன்று மதியத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட ஆரம்பித்தாள். பாதி எண்கள் உயிரோடு இல்லை. சில அப்பாக்கள் "இப்ப எதுக்கு இதெல்லாம் கேக்கறீங்க? ஏதாவது பிரச்சினையா?" என்று பதறினார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஒருவன் பேசப் பிடிக்காமல் வைத்துவிட்டான். நாலாம் நாள், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எடுத்தாள்.

"நான் போய் ரெண்டு வருஷம் ஆச்சே மேடம்!"

"சும்மா தெரிஞ்சுக்கத்தாம்மா. சொந்தக் காரணம்னு எழுதியிருக்கே, அதான்."

"வேற என்னத்த எழுதறது?" என்று சிரித்தாள் அந்தப் பெண். நடுவில் யாரோ இருமல் மருந்து கேட்க, எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"யாரும் என்னை ஒண்ணும் சொல்லல மேடம். எல்லாரும் நல்லவங்கதான். ஆனா யாரும் பேசவும் இல்ல. எங்க ஸ்கூல்லேருந்து நான் ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் கும்பல் கும்பலா வந்தாங்க. ஆறு மாசத்துல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப மட்டுந்தான். ஒரு தடவை காய்ச்சல்ல மூணு நாள் போகல. நாலாம் நாள் போனா, நான் வரலங்கறதே யாருக்கும் தெரியல. அப்புறம் எதுக்குப் போகணும்னு தோணிடுச்சு."

"வீட்டுல சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? அடிச்சாங்கன்னா சொல்லலாம். பேசலன்னு சொன்னா, நீ போய்ப் பேசுன்னுவாங்க."

"திரும்பி வரியாம்மா? நான் முதல்வர்கிட்ட கேக்கறேன்."

"இல்ல மேடம், மனசு விட்டுப்போச்சு. இங்க பரவாயில்ல. நாள் முழுக்க யாராவது ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்காங்க."

போனை வைத்த பிறகும் அவள் கை அதன்மேலேயே இருந்தது. மூன்றாம் மாடியில் அவள் குடியிருந்தது ஒற்றை அறை. வெள்ளிக்கிழமை மாலை கல்லூரி வாசல் காவலாளியிடம் "வரேன்" என்று சொன்னால், திங்கட்கிழமை காலை அதே ஆளிடம் "வந்துட்டேன்" என்று சொல்கிற வரைக்கும் சில வாரங்கள் வாயைத் திறக்கவே வேலை இருக்காது. திங்கட்கிழமை முதல் வார்த்தை எப்போதும் கரகரப்பாக வரும். தொண்டையில் ஏதோ கோளாறு என்று இரண்டு முறை மருத்துவரிடம்கூடப் போயிருக்கிறாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் கணினித் தாளில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தாள்: அதே வருஷம் அதே பள்ளியிலிருந்து இன்னும் எத்தனை பேர்? கேட்பதற்குச் சுலபம். ஆனால் ஒரே பள்ளியின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். ஒரு பள்ளிக்கு மட்டும் ஏழு விதம். எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவர மூன்று வாரம் பிடித்தது, கண் எரிந்தது.

முடிவு வந்தபோது நம்பாமல் மறுபடி எண்ணினாள். பள்ளியிலிருந்து துணையோடு வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் போயிருந்தார்கள். ஒற்றை ஆளாக வந்தவர்களில் நூற்றுக்கு முப்பத்தைந்து. மார்க்கு, தூரம், எதை மாற்றிப் போட்டுப் பார்த்தாலும் அந்த இடைவெளி அப்படியே நின்றது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டபோது ஆரம்பித்தாள். "அண்ணா, ஆபீஸ்ல நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். பாதியில போற பிள்ளைங்க இருக்காங்கல்ல, அவங்க..."

"அப்படியா! ரொம்ப நல்லது பாப்பா. இரு, அண்ணி ஏதோ சொல்லணுங்கறா."

அண்ணி தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிற கதையை முழுசாகச் சொன்னாள். பிறகு "உடம்பைப் பாத்துக்கோ" என்றாள். நாலு நிமிஷத்தில் முடிந்தது. அவர்கள் மேல் தப்பு இல்லை. தானும் ஒரு நாளும் எதையும் சொல்லிப் பழக்கப்படுத்தவில்லை என்று அவளுக்கே தெரியும்.

சேர்க்கைக் குழுக் கூட்டத்தில் தாளை எல்லோருக்கும் கொடுத்தாள். முதல் வருஷப் பொது வகுப்புகளையும் ஆய்வகக் குழுக்களையும் பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பிரிக்க வேண்டாம். தனியாக வருகிற பிள்ளைகளை, ஒரே பேருந்தில் வருகிறவர்களாகப் பார்த்து, நாலு நாலு பேராக ஒரே வகுப்பில் போடலாம் என்பது அவள் யோசனை. சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

குழுவின் தலைவர் இயற்பியல் பேராசிரியர். வாய்க்கொழுப்புக்குப் பேர் போனவர். "இது காலேஜா, கல்யாணத் தரகர் ஆபீஸா மேடம்? பேருந்துப் பொருத்தம் பாத்து சேத்து வைக்கணுமா?" என்றார். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் அடுத்து அவர் சொன்னது சிரிப்பாக இல்லை.

"சரி, கணக்கு சரியாவே இருக்கட்டும். அப்ப வழி சுலபம். தனியா வர்றவங்களுக்கு இடம் குடுக்கறதைக் குறைச்சிடுவோம். எப்படியும் போகப்போறவங்கதானே? பத்துப் பத்துப் பேரா அனுப்பற ஸ்கூலாப் பாத்துப் பிடிப்போம்."

முதல்வர் பேனாவைத் தட்டிக்கொண்டு, "அதுவும் ஒரு வழிதான்..." என்று இழுத்தார்.

அந்தப் பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளத்தான் அவள் அந்தப் பத்தியைச் சேர்த்தாள். அதைக் கொண்டே கதவைச் சாத்தப் பார்க்கிறார்கள். பதினேழு வருஷத்தில் கூட்டத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராதவள் எழுந்தேவிட்டாள்.

"ரெண்டு நாள் குடுங்க சார். அதுக்குள்ள முடிவு பண்ணிடாதீங்க."

இரண்டு நாளும் அவள் வேறு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருஷத்தில், அதுவரை இந்தக் கல்லூரிக்கு யாரையுமே அனுப்பாத முப்பத்தொரு பள்ளிகளிலிருந்து முதல் ஆளாக ஒரு பிள்ளை வந்திருக்கிறது. அப்படி வந்தவர்களில் பத்தொன்பது பேர் தங்கினார்கள், பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள். பிறகு அந்தப் பள்ளிகள் என்ன செய்தன?

மூன்றாம் நாள் ஒரே ஒரு தாளோடு போனாள்.

"தனியா வர்ற பிள்ளைதான் சார் அந்த ஸ்கூல்லேருந்து நமக்குக் கிடைக்கற முதல் பிள்ளை. அது தங்கின பத்தொன்பது ஸ்கூல்ல, பதினாலு ஸ்கூல்லேருந்து அடுத்தடுத்த வருஷம் ஆள் வந்திருக்கு. அது போயிட்ட பன்னெண்டு ஸ்கூல்ல, ரெண்டுலேருந்துதான் வந்திருக்கு. இவங்களை வேணாம்னு சொன்னா, வேணாம்னு சொல்றது ஒரு பிள்ளையை இல்ல. ஒரு ஊரையே."

பேராசிரியர் தாளை வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வரி வரியாகப் படித்தார். "முப்பத்தொண்ணுங்கறது ரொம்பச் சின்ன நம்பர் மேடம்."

"சின்னக் காலேஜ் சார். நம்மகிட்ட இருக்கற நம்பர் இவ்வளவுதான்."

இந்த முறை முதல்வர் சிரித்தார். "ஒரு வருஷம் செஞ்சு பாப்போம்" என்றார்.

அந்த வருஷம் சேர்ந்தவர்கள் இருநூற்றுத் தொண்ணூற்றாறு பேர். அதில் ஒற்றை ஆளாக வந்தவர்கள் எண்பத்துநாலு. இருபத்தொரு குழு. ஊர் வரைபடத்தையும் பேருந்து நேரங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழுவையும் அவளே போட்டாள். யாராவது மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால், குழுவில் இருக்கிற மற்றவர்களிடம் வகுப்பாசிரியர் விசாரிக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு.

முதல் வாரம் வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு குழுவிலும் நாலு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு குழுவில் யாரோ யாரையோ விளையாட்டாக முதுகில் அடித்தார்கள். அவளுக்கு அன்று சந்தோஷத்தில் வேலையே ஓடவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள், வாசலுக்கு எதிரே நகல் எடுக்கும் கடையில் நின்றிருந்தாள். முன்னால் இரண்டு மாணவிகள் ஒரே குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம நாலு பேரையும் ஒண்ணா போட்டது யாருடி?"

"கம்ப்யூட்டராம். சார் சொன்னாரு."

"பரவாயில்லையே, கம்ப்யூட்டருக்கு நல்ல டேஸ்ட்டு!"

நான்தான் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் பிறகு என்ன பேசுவது என்று தெரியவில்லை. நகல்களை வாங்கிக்கொண்டு மழையிலேயே ரோட்டைக் கடந்துவிட்டாள்.

வருஷம் முடிந்து எண்ணிப் பார்த்தார்கள். வழக்கமாக அறுபதுக்கு மேல் போவார்கள். அந்த வருஷம் நாற்பத்தொன்று. இரண்டு துறைகளும் தப்பித்தன. மேலிடத்துக் கூட்டத்தில் முதல்வருக்கு நல்ல பேர். "எங்க ஆபீஸ் டேட்டா பண்ணின வேலை" என்று அவர் சொன்னதாகக் கேள்வி. இயற்பியல் பேராசிரியர் அவள் மேசைக்கே வந்தார். "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு மேடம்" என்றவர், இரண்டடி நடந்து திரும்பி, "ஆனா முப்பத்தொண்ணு சின்ன நம்பர்தான்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். வேறு இரண்டு கல்லூரிகளிலிருந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பள்ளிப் பெயர்களைச் சரிசெய்கிற விதத்தை எட்டுப் பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள்.

பிறகு அந்த நாற்பத்தொரு பேரின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. பதினைந்தாவது ஆள், அவளே பார்த்துப் பார்த்துப் போட்ட ஒரு குழுவிலிருந்து விலகியவன். பின்னால் இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் வரல மேடம். பட்டறையை நான்தான் பாக்கணும். அண்ணன் தம்பின்னு யாரும் இல்ல."

"சரிப்பா. கூட இருந்த மூணு பேரோட ஏதாவது மனஸ்தாபமா?"

"அவங்களோடயா?" அவன் சிரித்தான். "ஞாயித்துக்கிழமை ஆனா இங்க வந்துடறாங்க மேடம். நான் படிக்கலன்னாலும் நோட்ஸெல்லாம் கொண்டு வர்றாங்க. ஒருத்தன் வெல்டிங்கே கத்துக்கிட்டான். எங்க அப்பாவை நடக்க வைக்கறேன்னு மூணு பேரும் சேர்ந்து அவரைப் படுத்தற பாடு இருக்கே..." சட்டென்று நிறுத்தினான். "நீங்க யாரு மேடம்? எந்த டிபார்ட்மெண்ட்?"

"ஆபீஸ்ல இருக்கேன்பா."

"நீங்க விசாரிச்சீங்கன்னு அவங்ககிட்ட சொல்லட்டா? யாருன்னு சொல்றது?"

"வேணாம்ப்பா. சும்மாதான் கேட்டேன். அப்பாவைப் பாத்துக்கோ."

அவன் வைத்துவிட்டான். தாளில் அவன் வரி 'விலகினார்' என்றுதான் இருந்தது, அது சரியும்கூட. காரணம் என்கிற இடத்தில் அப்பாவின் உடல்நிலை என்று அடித்தாள். மூன்று பேர் வருவதை எங்கே எழுதுவதென்று தெரியவில்லை. அந்தப் பட்டறையின் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்லூரியை விட்டுப் போன ஒரு பையன் மேல் தனக்குப் பொறாமையாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளச் சிறிது நேரம் ஆனது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது எத்தனை சதவீதம் என்று அன்றைக்கு அவளால் சொல்ல முடியவில்லை.

தண்ணீர் குடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, பதினாறாவது எண்ணை அழுத்தினாள்.