வழிமொழிய ஓர் ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை நான் பிரசிடென்ட் ஆகப் பார்த்தேன். சிரிக்காதீர்கள்... நாட்டுக்கு இல்லை, இங்கே நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மனுகாவில் ஒரு ஸ்கூல் ஹாலில் கூடுகிற எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு!

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கொரியன் சீரியல். அதில் பிரதமரும் பெண், அவரைக் கவிழ்க்கப் பார்க்கிற எதிர்க்கட்சித் தலைவரும் பெண். இருவரும் குரலை உயர்த்தினால் ஆண் மந்திரிகள் எச்சில் விழுங்குவார்கள். சனிக்கிழமை மதியமானால் தோழிகள் சிவமலரும் மீனாவும் அதைப் பார்க்க ரானுயியில் இருக்கிற என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஏன் என் வீடு? கணவர் இறந்த பிறகு இங்கே ரிமோட்டுக்குப் போட்டியில்லை.

அவர்கள் கிளம்பியதும் வீடு கப்சிப். அடுத்த சனிக்கிழமை வரை வாய் திறந்து தமிழ் பேச ஆள் கிடையாது. புரியாத கொரியனையாவது ஓடவிட்டுச் சமைக்கிறேன் — சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அதனால்தான் கமிட்டியிடம் கேட்டேன். வாரத்தில் ஒரு மதியம் ஹாலைத் திறந்து வையுங்கள், என்னைப் போலப் பகலில் பேச ஆளில்லாதவர்கள் வந்து பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. "பாக்கலாம்க்கா" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்!

"அவையளிட்டக் கெஞ்சிறதை விட்டிட்டு, நீங்களே பிரசிடென்டுக்கு நில்லுங்கோவன் அக்கா!" என்றாள் யாழ்ப்பாணத்துச் சிவமலர்.

"ஆமாக்கா, நாங்க இருக்கோம்ல!" என்றாள் மதுரை மீனா. சீரியலில் பிரதமர் ராஜினாமா கடிதத்தைக் கிழித்துப் போட்ட நேரம் அது. மூன்று பேருக்கும் சூடு ஏறியிருந்தது.

நின்றேன். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து என் பெயரைச் சொன்னேன். வருஷா வருஷம் போட்டியில்லாமல் ஜெயிக்கிற பிரசிடென்ட், 'இது யாருடா புதுசா' என்பது போலத் திரும்பிப் பார்த்தார்.

"வழிமொழிய ஒரு மெம்பர் வேணும்" என்றார் செக்ரட்டரி.

சிவமலர் கையைத் தூக்கினாள். மீனாவும்தான். அப்பாடா!

"இல்லக்கா... உங்களதெல்லாம் ஃபேமிலி மெம்பர்ஷிப். குடும்பத்துக்கு ஒரு ஓட்டுதான், அது சார் பேர்ல இருக்கு. அவங்க சொல்லட்டும்."

மீனாவின் கணவர் திடீரென்று போனில் மூழ்கிவிட்டார். சிவமலரின் கணவர் பிரசிடென்டுக்குப் பக்கத்து நாற்காலி.

"என்னப்பா, கையைத் தூக்குங்கோவன்!" என்றாள் சிவமலர், ஹாலுக்கே கேட்கும்படி.

"வீட்ட போய்க் கதைப்பம்" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு.

மீனாவின் கை இறங்கியது. சிவமலரின் கை இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. அப்புறம் அதுவும் இறங்கியது.

உலகத்திலேயே முதலில் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்த நாடு இது, தெரியுமல்லவா? அந்த நாட்டில், வடை சுட்டு, கோலம் போட்டு, பிள்ளைகளுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுத்து ஹாலை நிறைத்திருந்த அத்தனை பெண்களில் ஓட்டு இருந்தது எனக்கு மட்டும்தான். கணவர் இறந்ததும் என்னை சிங்கிள் மெம்பர்ஷிப்புக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு அன்றைக்கு நான் அழுதிருக்கிறேன்.

"அப்ப எனக்கு நானே வழிமொழியலாமா?"

"அதெப்படிக்கா முடியும்?" என்று செக்ரட்டரி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பழைய பிரசிடென்டே மறுபடியும்... பலத்த கைதட்டல். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய?

காரில் வரும்போது பக்கத்து சீட்டைப் பார்த்துக் கணவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மனுஷனிடம் ஆயிரம் குறை உண்டு. குறட்டை, கோபம், சாம்பாரில் உப்பில்லை என்கிற புலம்பல்...

அவர் இருந்திருந்தால் எனக்கும் ஓட்டு இருந்திருக்காதுதான். ஆனால், எனக்காகக் கை தூக்க ஓர் ஆள் இருந்திருப்பார்.