எடையும் எடை ஒன்றும்

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அறையில் அவருக்குக் கத்திரி என்று பெயர். நீளமான பெயரைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். பழைய டேட்டாபேஸைப் படித்துப் புது மென்பொருளுக்கான நிரலை ஒரு கருவியே எழுதித் தந்தபோது அவர் அதற்கு இட்ட விதி: பெயரில் கோட்டுக்கு முன்னால் இருப்பதை வெட்டிவிடு.

"பிள்ளைக்குப் பேர் வச்சாலும் பாதியத்தான் வைப்பீங்க போல சார்" என்று பக்கத்து மேசைக்காரி சீண்டினாள்.

சேர்க்கை_எடை, இன்றைய_எடை என்றிருந்த இரண்டும் வெட்டுப்பட்டு ஒரே பெயராகிவிட்டன. குழப்பம் வராமலிருக்கக் கருவி இரண்டாவதற்கு ஓர் எண்ணை ஒட்டியது: எடை, எடை1. ஒன்று என்றால் முதலில் எடுத்தது, சேர்ந்த அன்று பார்த்த எடை என்று கத்திரி நினைத்துக்கொண்டார். மற்றதுதான் இன்றைய எடை என்று அதைத் திரையில் வைத்தார். சோதனைக்கு எடுத்த பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு எடையும் ஒன்றாகவே இருந்ததால் தவறு வெளியே தெரியவில்லை.

அவர் மனைவி அங்கேயே குழந்தைகள் வார்டில் நர்ஸ். உடம்பெல்லாம் நீர் கோத்து வந்து, பிறகு வற்றி இளைத்துப்போன ஒரு குழந்தைக்குத் திரை காட்டிய எடைக்குக் கணக்கிட்டு மருந்து ஏற்றினாள்; அளவு மிஞ்சிவிட்டது. குழந்தை கண் திறக்க வெகுநேரமாயிற்று. பிழைத்துக்கொண்டது. அவளிடம் விளக்கம் கேட்டார்கள்.

"தூக்கினப்ப கனமே இல்லங்க" என்றாள் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே. "அப்பவே நிறுத்தியிருக்கணும். திரைய நம்பிட்டேன்."

"காலையில எடை பாக்கலியா?"

"பாத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்தினாங்களாம். நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்னு மேட்ரன் சொல்றாங்க."

அவர் லேப்டாப்பைத் திறந்து பழைய பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பார்க்காமலே தெரிந்திருந்தது.

"நீ சரியாத்தான் படிச்சிருக்க. திரையில நான் வச்சது பழைய எடை." விஷயத்தைச் சொல்லிவிட்டு, "வேலை போயிடும்" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். "உங்க வேலை கெடக்கட்டும். வார்டுல இப்பவும் அதே திரைதான ஓடுது?"

அது அவருக்குத் தோன்றவே இல்லை. வார்டுக்குப் போன் போட்டார்.

"திரையில இருக்கற எடைய நம்பாதீங்கம்மா. எல்லாப் பிள்ளையையும் தராசுல போடுங்க. தப்பு என்னோடது."

மறுமுனையில் இருந்த நர்ஸ் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தாள்.

"ரெண்டு பிள்ளைக்கு மருந்து ஏத்திட்டோமே சார்."

அவர் மனைவி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.