இருபத்துநாலாவது குழி

வெள்ளைப் பிளாஸ்திரியில் கறுப்பு மையால் ‘காலி’ என்று எழுதி டியூபின் கழுத்தில் ஒட்டுவார் அக்கா. அந்த டியூபுக்குள் ரத்தம், உப்புநீர், சாயம் எல்லாம் இருக்கும். நாங்கள் சோதிக்க வந்த புரதம் மட்டும் இருக்காது. ஸ்டாண்டில் இருபத்துநாலு குழிகள். கடைசிக் குழி எப்போதும் அந்தக் காலிக்குத்தான். அக்கா என்னைவிட இரண்டு வயது சின்னவர், டிப்ளமோ படித்தவர். ஆனாலும் அடையாறில் எங்கள் கம்பெனியின் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். சாந்தோம் குப்பத்துப் பெண். காலைப் பூசை முடித்து நேராக வேலைக்கு வந்துவிடுவார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அன்புக்கு முன்னால் ஆத்திரம்தான் வருகிறது. அவர்மேல் இல்லை. எங்கள் மேல்.

என் வேலை கம்ப்யூட்டர் முன்னால். புரதம் என்பது இருபது எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோத்த நீளமான சொல். மனிதர் எழுதியதையெல்லாம் படித்துவிட்டுத் தானே எழுதுகிற ஏ.ஐ. இருக்கிறதல்லவா, அதற்கு இந்தச் சொற்களையும் ஊட்டினால் உலகத்திலேயே இல்லாத புரதங்களை எழுதித் தள்ளும். டெங்குக் கிருமியைப் பிடித்துக்கொண்டு சாயத்தை நீலமாக்கும் ஒரு புரதம் எங்களுக்கு வேண்டும். ஒரு சொட்டு ரத்தம், பத்து நிமிடம், காய்ச்சல் டெங்குவா இல்லையா என்று தெரிந்துவிடும். இருபத்துமூன்று டிசைன் கேட்பேன், ஏ.ஐ. எழுதும், அக்கா அவற்றை நிஜப் புரதமாக்கி டியூபில் ஊற்றுவார்.

ஒருநாள் இயக்குநர் ஸ்டாண்டைப் பார்த்தார். “காலி டியூபுக்கு எதுக்குங்க ஒரு இடம்? இன்னொரு டிசைன் போடலாமே.” நான் ஆமாம் சாமி போட்டேன். அன்றைக்கு இருபத்துநாலு என்று தட்டியவை என் விரல்கள்தான்.

டெங்கு வந்தவர்களின் ரத்தத்தில் மட்டும் சோதித்தோம். இருபத்துநாலும் நீலம். ஒரு வகுப்பில் அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு வாங்கினால் எந்த வாத்தியாருக்கும் சந்தேகம் வரும். நாங்கள் கேக் வெட்டினோம். அக்கா தன் துண்டைத் தொடவில்லை. மறுநாள் தானாகவே ஒரு காலி டியூப் போட்டுப் பார்த்துவிட்டு அதைக் கையில் பிடித்தபடி என் மேஜைக்கு வந்தார்.

“சார், ஒண்ணுமே போடல. நீலம் வருது.”

அப்படியென்றால் நீலத்துக்கும் புரதத்துக்கும் சம்பந்தமே இல்லை. சாயம் டியூபிலேயே ஒட்டிக்கொண்டு தானாக நீலமாகிறது. டெங்கு இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே நீலம்தான். எனக்கு அந்த நொடியே புரிந்தது. புரிந்தும் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, இந்த நீலத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பதற்குக் காரணம் சொல் என்று ஏ.ஐ.யிடம் கேட்டேன். கேட்டதைக் கொடுத்தது. மூன்று பத்தி, வழவழவென்று, எங்கும் பிசிறில்லாத பூசிமெழுகல். அதை அக்காவுக்குச் சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “அது படிச்சிட்டு சொல்லுது சார். நான் பாத்துட்டு சொல்றேன்.”

அடுத்த ஞாயிறே சாந்தோமில் ஒரு கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம். மழைக்காலம், குப்பத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். எங்கள் சோதனைக் கிட்டை முதன்முதலாக ஜனங்கள்மேல் போட்டுப் பார்க்க இயக்குநர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. “உங்க ஆளுங்க உங்களை நம்புவாங்கம்மா. நீங்க முன்னால நின்னா போதும்” என்று அக்காவிடமே சொன்னார். முகாமுக்கு முன் சோதனைப் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும்: செய்தவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று. அக்கா பேனாவைத் தொட மறுத்துவிட்டார். இரண்டு இடத்திலும் நானே போட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கு மட்டும் இல்லையா என்ன?

ஞாயிறு காலை மண்டப வாசலில் அக்கா நின்றார். இயக்குநர் கேட்டபடி முன்னால்தான் நின்றார். வந்த ஒவ்வொருவரிடமும், “இது இன்னும் சரியா வேலை செய்யல. ஜொரம் கீதுன்னா புள்ளைய தூக்கினு கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார். இயக்குநர் ஓடி வந்தார். “இவங்க டியூப் கழுவுற ஸ்டாஃப்ங்க, சயின்டிஸ்ட் இல்ல!” மீன்கூடையோடு நின்ற ஓர் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “கழுவுனவளுக்குத்தான் தெரியும் நைனா, உள்ள இன்னா கீதுன்னு.” கூட்டம் கலைந்தது. திங்கட்கிழமை அக்காவின் வேலை போனது. கிட்டைச் சத்தமில்லாமல் மூட்டை கட்டினார்கள். நான் அங்கேயே இருந்தேன், சம்பளமும் ஏறியது.

போன மாதம் தேனாம்பேட்டையில் ஓர் ஓட்டலில் கூட்டம். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு காலி டியூப் வேண்டும் என்பதை எங்கள் ஏ.ஐ. தானாகவே கண்டுபிடித்துச் சொல்கிறது என்று இயக்குநர் மேடையில் பெருமையாகப் பேசினார். தானாகவா? அக்கா சோதனைக் குறிப்புகள் எழுதி விட்டுப்போன ஒன்பது நோட்டுப் புத்தகங்களை அதற்குள் தட்டி ஏற்றியவன் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். நான் முன்வரிசையில் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டியதால் கையையும் தட்டினேன்.

மறுநாள் தாங்கமாட்டாமல் அக்காவைத் தேடிப் போனேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்: மேடை, கைதட்டல், திருடப்பட்ட நோட்டுகள். அவர் கோபப்படுவார், சேர்ந்து திட்டலாம் என்று நினைத்துப் போயிருக்கிறேன், எவ்வளவு கேவலம்.

“அந்தக் கிட்டை யார் மேலயாவது போட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லைக்கா.”

“நீங்க போட்ட கையெழுத்து?”

அது பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. அடித்துவிட்டு, பொய் என்று பக்கத்தில் எழுத ஒரு நிமிடம் போதும். மூன்று வருடமாக அந்தப் பதிவேடு இருக்கும் அலமாரியைத் தாண்டித்தான் தினமும் டீ குடிக்கப் போகிறேன். “இருக்குக்கா” என்றேன்.

“அப்ப என்னாண்ட இன்னாத்துக்கு சார் வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் வரும் நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார்.