சீட்டில் போட்ட விலாசம்

அக்கா விற்ற பருப்புப் பொடிப் பாக்கெட்டில் ஒட்டச் சீட்டு எழுதிக் கொடுத்தவன் நான். பெயரையும் விலாசத்தையும் தவிர அதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் நானும் அக்காவும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அத்தான் இறந்தபின் அக்கா என்னோடு வந்துவிட்டாள். நான் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். அக்கா பொடி இடித்து, பாலிதீன் பையில் அடைத்து, இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடின் மேல் பையின் வாயை மடித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டுவாள். மார்க்கெட் பக்கத்து மளிகைக் கடை அண்ணாச்சி வாங்கி விற்பார்.

எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தோம். "ஒனக்குக் கல்யாணம் ஆனா நான் இங்கன இருக்கது சரிப்படாதுலே," என்றாள் அக்கா. "மார்கழி வரைக்கும் பாக்கேன். பெருசா ஒரு ஆர்டர் கிடைச்சா தனியா ரூம் எடுத்து இருந்துக்கிடுவேன். இல்லன்னா சாத்தான்குளத்துக்கே போயிருதேன்." சாத்தான்குளத்தில் அத்தானின் அண்ணன் வீடு. அவர் மனைவிக்கு உடம்பு முடியாது. சமைக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். போனால் அக்கா அங்கே சம்பளமில்லாத வேலைக்காரிதான். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, இனிமே மொட்டைப் பாக்கெட் வாங்க மாட்டேன். என்ன சாமான் சேத்திருக்கு, எடை, செஞ்ச தேதி, செஞ்சவுக பேரு, முழு விலாசம் எல்லாம் போட்டுக் கொண்டாங்க. இன்ஸ்பெக்டர் வந்து பாத்தா நான்லா கோர்ட்டுக்கு அலையணும்."

விலாசம் என்றதும் எனக்குப் பகீரென்றது. நிலபுலன் இருந்த சைவக் குடும்பம் எங்களுடையது. நிலம் போயிற்று, வீம்பு போகவில்லை. ஆபீசில் யாராவது பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாசலுக்கே பொடி வாங்க வந்தால்? பெண் வீட்டார் கண்ணில் பட்டால்? எங்கள் வகையில் எங்கே குடியிருந்தாலும் கல்யாணப் பத்திரிகையில் பூர்வீக ஊரைத்தான் முதலில் போடுவோம். அந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் எப்போதோ விற்றுவிட்ட எங்கள் வீட்டின் கதவிலக்கத்தைப் போட்டேன். பேருக்கு அப்பாவின் பேர். அது அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அச்சடித்து வந்த சீட்டை அக்கா வாங்கிப் பார்த்தாள். "அந்த வீட்டைத்தான் வித்தாச்சேலே."

"சட்டத்துக்கு ஒரு விலாசம் வேணும்க்கா, அவ்வளவுதான். யாரு கடுதாசி போடப் போறா?"

"எம் பேரையும் போடலியா?" என்று கேட்டாள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் வந்தபோது எல்லாப் பாக்கெட்டிலும் சீட்டு ஒட்டியிருந்தது.

மார்கழி முடிந்தது. பெரிய ஆர்டர் எதுவும் வரவில்லை. தை பிறந்ததும் அக்காவைச் சாத்தான்குளம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

மாசியில் என் கல்யாணம். பத்திரிகை வைக்க ஸ்ரீவைகுண்டம் போனபோது, எங்கள் பழைய வீட்டை வாங்கியவர் என்னைக் கூப்பிட்டு, காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு கார்டை எடுத்துத் தந்தார். "ஒங்க அப்பா பேருக்கு வந்துது. எறந்து போனவருக்கு யாரு எழுதுதான்னு அப்படியே வச்சுட்டேன்."

பாபநாசம் பக்கம் ஒரு பள்ளி விடுதியின் வார்டன் ஐப்பசியில் எழுதியது. 'அன்புள்ள ஐயா, தாங்கள் தயாரிக்கும் பருப்புப் பொடியைப் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். மாதாமாதம் விடுதிக்கு அனுப்ப இயலுமா? பதில் எழுதவும்.'

அங்கேயே கிழித்துப் போட்டிருக்கலாம். அக்காவுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள் பத்திரிகையோடு கார்டையும் எடுத்துக்கொண்டு சாத்தான்குளம் போனேன்.

அக்கா அடுப்படியில் நின்றபடியே படித்தாள். இரண்டு தரம் படித்தாள். 'ஐயா' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"இப்பவும் எழுதிக் கேக்கலாம்க்கா," என்றேன். "இங்கன இருந்தே செஞ்சு அனுப்பலாம்."

உள்ளேயிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். செம்பை எடுத்துக்கொண்டு அக்கா பையச் சொன்னாள்:

"இவுக மட்டும் இந்த வீட்டு விலாசத்தைப் போட விடுவாவளாலே?"